கேமரன் மலைக் காட்டுப் பாதைகள்: வழிகாட்டி இல்லாமல் எதில் இறங்கலாம், எதில் கூடாது

மலேசியாவின் கேமரன் மலையில் எண் போட்ட காட்டுப் பாதைகள் பத்துக்கு மேல் உண்டு. இங்குள்ள முக்கிய ஊரான தானா ராத்தாவில் தங்குகிறவர்கள் பாதைப் படத்தைக் கையில் வாங்கியதும் "இதில் எது லேசு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் போகிறவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. பாதை தவறினால் எங்கே போய் நிற்போம் என்று கேட்க வேண்டும். தார்ச்சாலையில் வந்து விழுந்தால் பிழைத்தோம். காய்கறித் தோட்டமென்றாலும் நாய்க்குத்தான் பயப்பட வேண்டும். மேற்கே அண்டை மாநிலமான பேராக் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு.

1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர் பெற்ற ஜிம் தாம்ப்சன் இங்கே மூன்லைட் பங்களாவிலிருந்து காணாமல் போனார். நடக்கக் கிளம்பினார் என்றுதான் நம்பினார்கள். போலீஸ், ராணுவம், தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர்களான ஒராங் அஸ்லி பூர்வகுடிகள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடியும் ஒரு தடயமும் சிக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. ஊருக்குப் பக்கத்துக் காடுதானே என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்கும் ஐந்து பாதைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: 10-ஆம் பாதை (குனோங் ஜாசார், அதாவது ஜாசார் மலை), 9ஏ (ராபின்சன் அருவி வழியாக 'போ' (BOH) நிறுவனத்தின் தேயிலைத் தோட்டச் சாலைக்கு), பெரெம்பான் மலைக்குப் போகும் 3, 7, 8, பிரிஞ்சாங் மலைக்கு ஏறும் 1, கடைசியாக ஈராவ் மலைப் பாதை.

முதலில் சேறு

எல்லாச் சேறும் ஒரே சேறு அல்ல. கேமரன் மலை இருக்கும் தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. அந்தக் கல் மக்கி உண்டான மஞ்சள், செம்மஞ்சள் களிமண்தான் 10, 9ஏ, பெரெம்பானின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் காலுக்கு அடியில் இருக்கும். மழை பெய்தால் மேல் அரை அங்குலம் சோப்பு மாதிரி ஆகும். அடியில் மண் கெட்டியாகவே இருக்கும். ஆகவே அங்கே கால் புதையாது, வழுக்கும். சறுக்கிய வேகத்தில் கையை ஊன்றி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்வதுதான் வழக்கமான காயம்.

ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே மண்ணே மாறிவிடும். மேகம் நாள்தோறும் காட்டுக்குள் புகுந்து போவதால் மரம், வேர், தரை எங்கும் பாசி. குளிரில் இலைதழை சட்டென்று மக்காது. ஊறிய கறுப்புக் கூழாக வேர்களுக்கு நடுவே தங்கிவிடும். பிரிஞ்சாங்கின் மேல்பகுதியும் ஈராவ் முழுவதும் இந்தச் சேறுதான். வழுக்குவதைவிட உள்ளே இழுக்கும். கணுக்கால், முழங்கால், மழைக்காலத்தில் சில குழிகளில் தொடை வரை. வேகமாகக் காலைப் பிடுங்கினால் சப்பாத்து உள்ளேயே தங்கிவிடும். முதலில் குதிகாலைத் தூக்கி, காற்று புக இடம் கொடுத்து, பிறகு நுனியை உருவ வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே சப்பாத்தால் சமாளிக்க நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

காலில் எதைப் போடுவது

தண்ணீர் புகாத விலை உயர்ந்த மலையேற்ற பூட்ஸ் களிமண்ணுக்குப் பரவாயில்லை. கறுப்புச் சேற்றில் மேல்வாய் வழியாக ஒருமுறை உள்ளே போனால் போதும். வெளியிலிருந்து தண்ணீர் வராமல் காக்கிற அதே துணி உள்ளே போனதை வெளியே விடாது. அப்புறம் ஆளுக்கு அரைக் கிலோ சேற்றைச் சுமந்து நடக்க வேண்டியதுதான்.

தோட்டக்காரர்கள் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் காலை உலர்வாக வைக்கும். ஆனால் கணுக்காலில் பிடிப்பு இல்லை. ஏற்றத்தில் குதிகால் மேலும் கீழும் உரசி இரண்டு மணி நேரத்தில் கொப்புளம் போடும். ஆழச் சேறு முதலில் கழற்றிப் பார்ப்பதும் இதைத்தான்.

மலேசிய மலையேறிகள் 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்து இருக்கிறதே, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போட்டது, அதுதான் இங்கே ஜெயிக்கும். பேரைத் தவிர அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒரே வார்ப்பு ரப்பர், அடியில் கால்பந்துச் சப்பாத்து போலக் குமிழ்கள், மலேசியாவில் சாதாரண சப்பாத்துக் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் தாராளமாக உள்ளே வரும். ஆனால் துணியோ பஞ்சோ இல்லாததால் ஊறிக் கனக்காது, கழற்றிக் கவிழ்த்தால் காலி. குறைகளும் உண்டு. உள்ளே மெத்தை கிடையாது, ஆகவே தனியாக ஒரு உள்தாள் வாங்கிப் போட வேண்டும். ரப்பர் விளிம்பு குதிகாலை அறுக்கும். முழங்கால் வரை வரும் கால்பந்துக் காலுறை அவசியம், அதையும் கணக்கில் வைத்து ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். பாசி பிடித்த வழவழப்பான பாறையிலும் நனைந்த பலகையிலும் அந்தக் குமிழ்கள் பிடிக்காது. இறங்கும்போது விரல் நுனி முன்னால் இடிக்கும் என்பதால் நகத்தை முதல்நாளே வெட்டிவிடுங்கள்.

10-ஆம் பாதைக்கும் 9ஏ-வுக்கும் மட்டும் போகிறவர் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஐந்து மில்லிமீட்டர் பல் உள்ள, மண் பாதைக்கான ஓட்டச் சப்பாத்து போதும். நகரத்தில் தேய்ந்த தட்டை அடி மட்டும் வேண்டாம்.

10-ஆம் பாதையும் 9ஏ-வும்

முதல்முறை தனியாகப் போகிறவருக்கு இந்த இரண்டில்தான் போட்டி.

10 தானா ராத்தாவிலிருந்தே தொடங்குகிறது. ஓலி அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் ஏறி, மின்கம்பித் தூண்களை ஒட்டிப் போகும். ஜாசார் உச்சி சுமார் 1,700 மீட்டர். ஊர் ஏறத்தாழ 1,440. ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூண்கள் பெரிய உதவி: குழம்பினால் கம்பி போகும் திசை தெரிந்துவிடும். உச்சிக்கு அப்பால் 11, 12 என்று கிளைகள் பிரிவதுதான் சிக்கல். அங்கே பலகை விழுந்திருக்கும், அல்லது எழுத்து அழிந்திருக்கும். ஊர் கிழக்கே இருக்கிறது. மேற்கே தொடர்ந்து இறங்கினால் பேராக் பக்கத்துக் காடு. உச்சியைத் தாண்டியதும் கைப்பேசிப் படத்தில் திசையைச் சரிபார்க்காமல் நூறு மீட்டர்கூடப் போகக் கூடாது. சந்தேகம் வந்தால் ஏறிய வழியிலேயே இறங்குவதில் ஒரு கேவலமும் இல்லை.

9ஏ இறங்கும் பாதை. மார்டி (விவசாய ஆராய்ச்சி நிலையம்) சாலைப் பக்கமிருந்து ராபின்சன் அருவிக்குப் போய், அதைத் தாண்டி இரண்டாகப் பிரியும் இடத்தில் 9ஏ-வைப் பிடிக்க வேண்டும். வெறும் 9 செங்குத்தாக மின்நிலையம் பக்கம் இறங்கும். மழையில் அதை விட்டுவிடலாம். 9ஏ சரிவு குறைவு, இரண்டு மணி நேரத்துக்குள் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே வெளிவந்து 'போ' தோட்டச் சாலையைத் தொடும். இதில் தவறுவதற்கு ஒரே ஒரு பெரிய இடம்தான், அந்தக் கிளை. ஓடை ஓரமாகவே போனால் ஊர் வந்துவிடும் என்று நினைத்து ஆற்றை ஒட்டி இறங்காதீர்கள். மலை ஓடைகள் அருவியாக விழும், ஏற முடியாத பள்ளத்தில் கொண்டுபோய் விடும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். மேலே ஊரும் காய்கறித் தோட்டங்களும் இருக்கின்றன. தோட்டத்து நாய் குரைத்தால் ஓடாமல், கையில் கம்போடு மெதுவாக நடந்தால் போதும்.

வழி தவறும் அபாயத்தில் 9ஏ கொஞ்சம் நல்லது. திரும்புவதில் 10 நல்லது. 9ஏ முடிவில் நீங்கள் ஊருக்குத் தொலைவாகக் கீழே நிற்பீர்கள், வண்டி பிடிக்க வேண்டும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இன்னும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, ஆகவே வழி கேட்க மலாய் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

பெரெம்பான்: ஏறுவது ஒன்று, இறங்குவது வேறு

சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள இந்த மலைக்கு மூன்று பக்கமிருந்து ஏறலாம்: கோல்ஃப் திடல் பக்கமிருந்து 3, மார்டியிலிருந்து 7, ராபின்சன் அருவியிலிருந்து 8. மூன்றில் 3-இன் சாய்வு தாங்கும். 7-உம் 8-உம் செங்குத்து.

மலை முதுகில் ஏறும்போது கிளைகள் எல்லாம் உச்சியை நோக்கிச் சேரும். எதைப் பிடித்தாலும் மேலே போய்ச் சேரலாம். இறங்கும்போது அதே கிளைகள் விரிந்து பிரியும். முதல் ஐம்பது மீட்டரில் பத்து அடி தள்ளிப் போனால் முடிவில் வேறு பள்ளத்தாக்கு. ஏறுகையில் யாரும் பெரிதாகத் தொலைவதில்லை. பெரெம்பான் இந்த வகையில் இரக்கமுள்ள மலை. 3, 7, 8 எதில் இறங்கினாலும் மேற்கே தானா ராத்தா பக்கமே வெளிவருவீர்கள். உச்சியில் திசைகாட்டியைப் பார்த்து மேற்கு என்று உறுதிசெய்துவிட்டு இறங்குவதுதான் ஒரே நிபந்தனை. மொத்தம் நாலைந்து மணி நேரம். 3-இல் ஏறி 7-இல் இறங்குவது பலர் செய்வது; மழைக்கு மறுநாள் மட்டும் 7-ஐ ஏறவும் 3-ஐ இறங்கவும் வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது.

1-ஆம் பாதையும் ஈராவும்

இரண்டிலும் பாசிக்காடு, இரண்டிலும் கறுப்புச் சேறு. ஒற்றுமை அத்தோடு சரி.

1-ஆம் பாதை பிரிஞ்சாங் ஊரின் வடக்கிலிருந்து 2,031 மீட்டர் உச்சிக்கு ஏறுகிறது. மூன்று மணி நேரம் வேர்களையும் சேற்றையும் பிடித்து ஏறினால் மேலே கோபுரமும் தார்ச்சாலையும் காத்திருக்கும். கஷ்டப்பட்டு ஏறிய இடத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இறங்குவதைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தச் சாலைதான் இந்தப் பாதையின் பெரிய பலம்: சேற்றில் திரும்பி இறங்க வேண்டாம். இதை ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் புதர் மூடியோ தடை போட்டோ கிடக்கும், முதலில் விசாரியுங்கள்.

ஈராவ் 2,110 மீட்டர். பாசிக்காட்டு மரப்பாலத்துக்கு அருகிலிருந்து கிளம்பும். ஒரு வழி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். போக மட்டும் மூன்று மணி நேரம் பிடிக்கும், திரும்பவும் அதே அளவு. சேற்றில் இறக்கம் நேரத்தை மிச்சப்படுத்தாது. நடுவே ஒரு பொய் உச்சி வரும். வந்துவிட்டோம் என்று உட்கார்ந்தால் எதிரே இன்னொரு ஏற்றம் தெரியும். இங்கே தவறினால் சாலையும் இல்லை, தோட்டமும் இல்லை. வந்த வழி ஒன்றுதான் வழி. கால் மடங்கினால் தூக்கி வருவதற்கு நாள் முழுக்கப் பிடிக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் போவது சட்டப்படியும் தவறு. பாதையை அவ்வப்போது மூடியும் வைப்பார்கள். ஆகவே முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். ஐந்தில் இது ஒன்றுக்கு வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

நேரமும் பையும்

பிற்பகலில் இடியோடு மழை என்பது இங்கே சாதாரணம். அக்டோபர், நவம்பர் மோசம். ஏப்ரல், மே இரண்டாவது. ஜனவரி, பிப்ரவரி ஓரளவு காய்ந்திருக்கும். காலை எட்டுக்குள் பாதையில் கால் வையுங்கள். எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உச்சி பத்து நிமிடம்தான் என்று எதிரே வருகிறவர் சொன்னாலும் சரி. சூரியன் ஏழேகால் வாக்கில் மறையும், மரத்தடியில் ஆறரைக்கே இருட்டு.

10, 9ஏ-வுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஈராவுக்கு மூன்று. தலைவிளக்கு, விசில், மழை அங்கி. பருத்திச் சட்டை நனைந்தால் உலராது. 2,000 மீட்டரில் காற்றடித்தால் நடுக்கம் பிடித்துக்கொள்ளும், ஆகவே உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். இரும்புக் கடையில் விற்கும் ரப்பர் புள்ளி வைத்த கையுறை ஒரு சோடி: பிரம்பு முள்ளிலிருந்து காப்பாற்றும், வேரைப் பிடிக்கவும் உதவும். பாசி மூடிய கிளை பார்க்கப் பருமனாக இருக்கும், உள்ளே உளுத்திருக்கும். இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உடல் எடையைக் கொடுக்க வேண்டும். அட்டை கடித்தால் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுங்கள். உப்பு, நெருப்பு எல்லாம் வேண்டாம்.

கைப்பேசியில் படத்தை ஊரிலேயே இறக்கிவைத்து, விமானப் பயன்முறையில் போட்டுத் தடத்தைப் பதிவு செய்துகொண்டே போங்கள். அடர்ந்த மரத்தடியில் புள்ளி முப்பது, நாற்பது மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரு முறை பார்த்து முடிவெடுக்காமல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். மரத்தில் கட்டிய நாடாவை மட்டும் நம்ப வேண்டாம்; வேறு வேலைக்கு வந்தவர்களும் கட்டுவார்கள். காலடித் தடமும் வெட்டிய கிளையும் பதினைந்து நிமிடமாகக் கண்ணில் படவில்லை என்றால் நீங்கள் பாதையில் இல்லை. அப்போது முன்னே போகாமல், பதிவான தடத்தைப் பிடித்துக் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அதுவும் முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்து 999-க்கு அழையுங்கள். மலை முதுகில் சிக்னல் கிடைக்க வாய்ப்பு அதிகம். விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

கிளம்பும் முன் விடுதி மேசையில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பெயர், பாதை எண், எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது, எத்தனை மணிக்குத் திரும்பவில்லை என்றால் அழைக்க வேண்டும். "காட்டுக்குப் போறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எந்தப் பாதையில் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் மறக்காமல் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.