வெயில் நாட்டுக்குப் போகும் நாய்க்கு: கூண்டு, குளிர் அங்கி, ஜெல் மெத்தை, வலைக்கட்டில்

நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் பெயருக்கு. உடம்புச் சூட்டை அது இறக்குவது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான். வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதற்குக் காற்று ஓட வேண்டும். வெப்ப நாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களைக் குறிவைத்து விற்கும் நாய்ச் சாமான்களை அதனால் ஒரே கேள்வி கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது: இது காற்றை விடுகிறதா, மறிக்கிறதா?

முதலில், விமானத்தில் ஏற்றும் கூண்டு. மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகக் கழன்று, கம்பிக் கதவோடு வரும் பிளாஸ்டிக் கூண்டுதான் பெரும்பாலோர் வாங்குவது. சரியாக வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லாத பொருள். தப்பு நடப்பது அளவெடுப்பதில். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி நான்கு அளவுகள் வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து முன்னங்கால் முட்டி (முழங்கை மூட்டு) வரை உயரம், தோள் அகலம், நிமிர்ந்து நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, இதில் எது மேலோ அதுவரை உயரம். கூண்டின் நீளம், உடல் நீளத்தோடு முட்டி உயரத்தில் பாதி. அகலம், தோளைப் போல் இருமடங்கு. உயரம், நின்ற உயரத்தோடு விரிப்பின் தடிமன். உடல் 62 செ.மீ., முட்டி 30, தோள் 19, நின்ற உயரம் 60 என்றால் 77 நீளம், 38 அகலம், 60-க்கு மேல் விரிப்பு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இதற்கு மேல் 10 சதவீதம் கூட்ட வேண்டும். இரைத்துச் சூட்டை இறக்குவதில் அவை ஏற்கெனவே பின்தங்கியவை.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. கூண்டின் சுவர் கீழே போகப் போக உள்வாங்கும். நாய் படுக்கும் தரை அதைவிடக் குறுகல். டேப்பை உள்ளே விட்டு, தரையிலேயே அளந்து பார்த்து வாங்குங்கள். அதற்காக யானைக்கூண்டு வாங்கவும் கூடாது. சிறிய விமானங்களின் சரக்கறைக் கதவு தாழ்வு. நுழையாத கூண்டு நிலையத்திலேயே நின்றுவிடும்.

காற்று என்று வரும்போது பின்சுவரைப் பாருங்கள். கதவிலும் இரு பக்கத்திலும் மட்டும் துளை வைத்து, பின்பக்கத்தை மூடியே விட்ட மாதிரிகள் விலை குறைவாகக் கிடைக்கும். பன்னாட்டுப் பயணத்துக்கு நான்கு பக்கமும் துளை வேண்டும். மூக்கோ பாதமோ வெளியே வராத அளவில் துளைபோட்டு, ஓரத்தை மழுங்கத் தேய்த்துச் சமாளிக்கலாம்தான். முதலிலேயே துளையுள்ளதை வாங்குவது மேல்.

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் திருகுகளைக் கழற்றிவிட்டு எல்லாத் திருகுத் துளையிலும் உலோக நட்டு போல்ட் போடுங்கள். சக்கரம் இருந்தால் கழற்ற வேண்டும். கதவில் மாட்டும் மெல்லிய தண்ணீர்க் கிண்ணம் ஒரு குலுக்கலில் கீழே விழும். கம்பியில் திருகி இறுக்கும் உலோகக் கிண்ணமே நிற்கும். அது வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றக்கூடியதாக இருக்க வேண்டும். முந்தின இரவே தண்ணீரோடு உறைய வைத்தால் ஏற்றும்போது சிந்தாது, வழியில் கொஞ்சம் கொஞ்சமாக உருகும். உள்ளே தடித்த பஞ்சு மெத்தை வேண்டாம். சூட்டைப் பிடித்து வைக்கும். ஈரம் உறிஞ்சும் விரிப்பு, மேலே மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவே. வைக்கோலைப் பல நாடுகள் உள்ளேயே விடுவதில்லை. பாதுகாப்புச் சோதனையில் நாயை வெளியே எடுக்கச் சொல்வார்கள், கதவைப் பூட்டிய கேபிள் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) வெட்டுவார்கள். கையில் பத்து உபரி இருக்கட்டும்.

கூண்டோடு சேர்த்து விற்கும் வாய்ப்பூட்டையும் ‘அமைதி மாத்திரை’யையும் வாங்காதீர்கள். வாய்ப்பூட்டு இரைப்பதையே தடுக்கும். மயக்க மருந்து சூட்டைச் சமாளிக்கும் திறனையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். மயக்கத்தில் இருக்கும் நாயை விமான நிறுவனங்கள் ஏற்ற மறுக்கும். மருந்துக்குப் பதில் நான்கிலிருந்து ஆறு வாரம் கூண்டுப் பழக்கம் கொடுங்கள். பறக்கும்போது சரக்கறையை விட ஆபத்தானது ஓடுதளத்தில் காத்திருக்கும் நேரம். 29.4 பாகை செல்சியஸைத் தாண்டினால் நாயை ஏற்காத நிறுவனங்கள் உண்டு. அதனால் விடியலில் இறங்கும் நேரடி விமானமே நல்லது.

இனி, இறங்கிய பின் வேண்டியவை. நனைத்துப் பிழிந்து போடும் குளிர் அங்கி வறண்ட வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். நீர் ஆவியாகச் சூடு இறங்கும், இரைப்பின் அதே கணக்கு. ஆனால் கடலோரப் புழுக்கத்தில் அதே அங்கி ஈரக் கம்பளி. ஆவியாக இடமில்லாத நீர் உடம்புச் சூட்டிலேயே வெந்து கிடக்கும். காய்ந்துபோனாலும் போர்வைதான், ஆகவே முக்கால் மணிக்கு ஒருமுறையாவது தொட்டுப் பார்த்து நனைக்க வேண்டும். அக்குளில் உராய்ந்து புண்ணாக்கும் தையலும் பல மாதிரிகளில் உண்டு. போகும் ஊர் புழுக்கமா வறட்சியா என்று தெரியாமல் இதை வாங்க வேண்டாம். உருகும் குளிர்ப்பொதி வைத்த அங்கிக்கு ஈரப்பதம் பொருட்டில்லை. ஆனால் கனம், பொதி உருகியதும் மறுபடி குளிர்விக்க வேண்டும்.

ஜெல் மெத்தைக்கு நம் தரவரிசையில் கடைசி இடம். ‘மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்’ என்ற விளம்பரம் உண்மைதான், மாயமொன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு தானும் சூடாகும், பிறகு நின்றுவிடும். 35 பாகை அறையில் மெத்தையும் 35-லேயே கிடக்கும். நாயின் உடம்பு 38, 39. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு குளிரும்? வெறும் ஓட்டுத்தரையும் இதே வேலையைச் செய்யும். கடிக்கிற நாய் என்றால் ஜெல்லைத் தின்னும் அபாயம் வேறு.

தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த வலைக்கட்டிலைத் தயங்காமல் வாங்கலாம். கயிற்றுக்கட்டிலின் தத்துவம்தான்: அடியிலும் காற்று. எதிரே ஒரு மின்விசிறி வைத்தால் மேலே சொன்ன இரண்டையும் தோற்கடிக்கும். நகம் பட்டு வலை கிழியும். வலையைத் தனியாக மாற்றக்கூடிய மாதிரியாகப் பாருங்கள். கால்களின் திருகு சில வாரத்தில் தளரும், இறுக்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நடுவே யாரும் விளம்பரம் செய்யாத ஒன்று, டிஜிட்டல் தெர்மாமீட்டர். புது வெயிலுக்கு ஓரளவு பழகவே இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை விடியற்காலையில் பதினைந்து நிமிட நடை போதும். நாக்கு அகலமாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 39.2 வரை இயல்பு. 41-ஐ நெருங்கினால் முதலில் அங்கேயே குளிர்ந்த நீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவரிடம் வண்டி. தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டாலும் அறிகுறி தெரிந்தவுடன் நீரை ஊற்றத் தொடங்கிவிடுங்கள். ஈரத்துண்டை மட்டும் மேலே போர்த்தி வைக்காதீர்கள், அது காற்றை மறிக்கும்.