மெட்டலும் கிளீனும் ஒரே பெட்டியில்: கட்டானா 50 உடன் நான்கு ஆண்டுகள்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) வாங்கப் போனபோது எனக்கு வேண்டியவை இரண்டுதான். சரங்களைத் தாழ்த்திச் சுருதி சேர்த்து (டிராப் சி), உள்ளங்கையால் அவற்றை லேசாக அமுக்கி (பாம் மியூட்), திரும்பத் திரும்ப வரும் ரிஃப் வாசித்தால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழ வேண்டும். அடுத்த நொடி ஃபுட்ஸ்விட்சை மிதித்தால் ஆர்பெஜியோவில் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவதில்) ஒவ்வொரு சரமும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒரே ஆம்ப்பிடம் இரண்டையும் கேட்பது சின்ன ஆசை இல்லை. மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவே கிளீனுக்கென்று, அதாவது கரகரப்பில்லாத தெளிவான ஒலிக்கென்று, ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்பைத் தனியாக வைத்திருந்தவர்கள்.

நண்பரின் வால்வு ஆம்ப்பை (வெற்றிடக் குழாய்களில் இயங்குவது) சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். சத்தம் ஏற்றினால்தான் அதற்கு உயிர் வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அது நடக்காது. அப்புறம்தான் பாஸ் கட்டானா 50 எம்கே 2 வாங்கினேன். 12 அங்குல ஸ்பீக்கர், எடை 11.6 கிலோ. பவரை 50, 25, 0.5 வாட் என்று மாற்றிக்கொள்ளலாம். இரவில் எனக்கு 0.5 போதும்.

மெட்டலுக்குத்தான் அதிக வாட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கிளீனுக்குத்தான் வேண்டும். டிஸ்டார்ஷனை (மெட்டலின் கரகரப்பை) ஆம்ப்பின் முதல் கட்டமான பிரீஆம்ப்பே உண்டாக்கிவிடும். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது கிளீன் உடையாமல் நிற்க வேண்டுமானால் பவர் கையிருப்பு இருந்தாக வேண்டும். டிரம்மர் ஓங்கி அடிக்கும் ஒத்திகைகளிலும் 50 வாட் எனக்குக் கை கொடுத்திருக்கிறது. கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) குறைத்து, கோரஸ், ஸ்பிரிங் ரிவெர்ப் எஃபெக்ட்களைக் கொஞ்சம் சேர்த்தால் போதும்.

மெட்டல் பக்கம் நான் சரியாக வர ஒரு வருடம் ஆனது. முதலில் பிரவுன் சேனலில் (கட்டானாவின் அதிக கெயின் ஒலி வகை) கெயினை முழுக்கத் திருகி, மிட்டை (நடு ஒலிகளை) குறைத்து, பேஸை (தாழ் ஒலிகளை) ஏற்றி வைத்திருந்தேன். வீட்டில் பிரமாதம். ஒத்திகையில் பேஸ் கிட்டாரோடு மோதி வெறும் இரைச்சலாகிவிட்டது. என் ரிஃப் யாருக்கும் கேட்கவில்லை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகவே கேட்கும், அதனால் நாமே கூட்டி வைத்துவிடுகிறோம். வாசிக்கப்போகும் சத்தத்தில் வைத்துத்தான் ஈக்யூ (பேஸ், மிட் அளவுகளைச் சரிப்படுத்துவது) செய்ய வேண்டும்.

இப்போது கெயின் பாதிக்குச் சற்று மேல், மிட் நன்றாக ஏற்றி. அந்த டிஸ்டார்ஷனுக்கு முன்னால், கட்டானாவுக்கான டோன் ஸ்டூடியோ மென்பொருளில், டியூப் ஸ்கிரீமர் பெடல் வகை பூஸ்ட் (சிக்னலை உயர்த்தும் எஃபெக்ட்): டிரைவ் சுழியம், லெவல் உயரம். டிஸ்டார்ஷனுக்குப் போகும் முன்பே அது பேஸைக் கத்தரித்துவிடுவதால் தாழ்ந்த சரங்கள் குழறாது. நாய்ஸ் சப்ரஸரை (இடைவெளிகளில் இரைச்சலை அடக்குவது) அளவோடு வையுங்கள். அதிகமானால் நீண்ட சுரம் பாதியில் அறுந்துவிடும்.

நான்கு டோன்களைச் சேமிக்கலாம். எனக்கு இரண்டே போதும்: ரிஃபுக்கு ஒன்று, கிளீனுக்கு ஒன்று. இரண்டின் சத்த அளவையும் ஒத்திகை இடத்திலேயே சமன் செய்துவிடுங்கள். வீட்டில் சமமாக இருந்தது அங்கே இருக்காது.

தனி டிலே (எதிரொலி) பெடல்களை எஃபெக்ட்ஸ் லூப்பில் (பிரீஆம்ப்புக்குப் பின்னால் பெடல்களை இணைக்கும் வழி) போட்டு வாசிக்கிறவர்கள் 50 ஐ எடுக்க வேண்டாம், இதில் லூப் கிடையாது. கட்டானா 100 இல் உண்டு. என்னிடம் பெடலே இல்லை, அதனால் எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.