நினைவாற்றல் பானப் பொடி: இரண்டு மாதம், ஆறு டப்பா

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். "இரண்டாவது பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுகிறாள். வாயால் கேட்டால் பதில் வருகிறது, எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது" என்று வகுப்பாசிரியை சொல்லியனுப்பிய வாரத்தில்தான் இந்தச் சாக்லேட் சுவைப் பொடியை வாங்கினேன். டப்பாவின் முகப்பில் நினைவாற்றல், கவனம், கூர்மையான மூளை என்று மூன்று வாக்குறுதிகள். கவலையோடு கடைக்குப் போகும் ஒரு தாய்க்கு அது போதும். தயாரிப்பின் பெயரை எழுதவில்லை. அதே வாக்குறுதிகளோடு அலமாரியில் வரிசையாக நிற்கும் மற்ற டப்பாக்களை வாங்க நினைப்பவர்களும் இதைப் படிக்கலாம்.

சுவையில் குறை சொல்ல முடியாது. பாலில் கட்டி தட்டாமல் கரைகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு கோப்பையையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

இரண்டு மாதத்தில் 500 கிராம் டப்பாக்கள் ஆறும் ஏறத்தாழத் தீர்ந்தன. வகுப்பில் தூக்கம் மட்டும் தீரவில்லை. அதோடு வீட்டில் புதிதாக ஒரு தொல்லை: காலை உணவுத் தட்டு தொட்டது பாதி, தொடாதது பாதியாகத் திரும்பி வந்தது. "வயிறு நிறைந்துவிட்டது அம்மா" என்பாள். பால்தான் குடித்திருக்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். அப்படி விட்டது தவறு.

ஆறாவது டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை முதல்முறையாக முழுவதும் படித்தேன். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிடுகிறார்கள். முதலில் தானியச் சாறு, அடுத்ததே சர்க்கரை. 100 கிராம் பொடியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 32 கிராம். ஒரு வேளைக்கு 27 கிராம் பொடி என்றால் இரண்டு கோப்பையில் 17 கிராமுக்கு மேல், அதாவது நான்கு தேக்கரண்டிக்குக் குறையாமல். இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நாளுக்கு 1500 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு அந்த 5 சதவீதம் ஏறத்தாழ 19 கிராம். ஒரு மிட்டாய்கூடத் தொடாமலேயே என் மகள் அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நான் டப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் அவர் கேட்டது, "காலையில் என்ன சாப்பிடுகிறாள்?" என்னிடம் பதில் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளிறிக் கிடந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. இந்த வயதில் 11.5க்குக் குறைந்தாலே இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் குறையும், சோர்வு வரும், கவனம் நிலைக்காது. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்கள் உருவாகவும் இரும்பு வேண்டும் என்று விளக்கினார். பொடியிலும் இரும்புச்சத்து இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் பாலில் உள்ள கால்சியம் அதை உடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும் என்றார்.

குடற்புழு மாத்திரையும் இரும்புச்சத்து சிரப்பும் எழுதிக் கொடுத்தார். சிரப் பல்லில் கறை படியவிடும் என்பதால் ஸ்ட்ரா வைத்துக் குடிக்க வைத்தேன். காலைக் கோப்பையை நிறுத்தினேன். அந்த இடத்தில் முட்டை அல்லது பருப்பு சேர்ந்த உணவு, கூடவே வைட்டமின் சி உள்ள ஒரு பழம். அந்த வைட்டமின் இரும்பை உறிஞ்ச உதவும். முதல் வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் பசிக்கிறது என்று அவளே வந்து தட்டை எடுத்தாள். நான் அந்தச் சொல்லைக் கேட்டே வெகுநாளாகியிருந்தது.

மூன்று மாதம் கழித்து 11.9. அவளுடைய கணக்கு நோட்டை இன்று புரட்டினாலும் அந்த மாற்றம் கண்ணில் படும். பழைய பக்கங்களில் எழுத்து மூன்றாவது வரியிலேயே கோட்டை விட்டு இறங்கி, வகுத்தல் கணக்கு பாதியில் நிற்கிறது. பிந்தைய பக்கங்களில் அடிவரி வரை எழுதி, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள்.

பால் என்றாலே முகம் திருப்பும் குழந்தையைப் பால் குடிக்க வைக்க இந்தப் பொடி உதவும். மதிப்பெண்ணுக்காக வாங்க நினைப்பவர்கள் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சோர்ந்து உட்காரும் குழந்தையின் பெற்றோர் பயத்தில் இருப்பார்கள் என்று தெரிந்தே நினைவாற்றல் என்று முகப்பில் அச்சிடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழாவது டப்பா வாங்கவில்லை. மிச்சமிருந்த பொடியை அவள் ஆசையாகக் கேட்ட மாலைகளில் மட்டும் ஒரு கரண்டி கலந்து, இது இனிப்பு என்று சொல்லியே கொடுத்தேன்.