ஆசிரியையை வகுப்புக்கு அனுப்புவதா, பயிற்சியாளரை கிரெச்சுக்கு வரவழைப்பதா?

கிரெச் என்ற, சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் முன்பள்ளியின் ஆசிரியைகளுக்குப் பெற்றோரோடு சேர்ந்து வேலை செய்யப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழு முடிவெடுத்தபோது, முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குள் நடக்கும் வகுப்புக்கு அனுப்பலாம். செல்பேசியில் படிக்கும் இணைய வகுப்பில் சேர்க்கலாம். இல்லையென்றால் அனுபவமுள்ள ஒருவரை மாதாமாதம் கிரெச்சுக்கே வரவழைத்து, ஆசிரியைகள் கூடவே நின்று சொல்லித்தரச் சொல்லலாம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் மூன்றாவதற்குப் போனோம். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இணைய வகுப்பு மலிவு, நேரம் நம் வசதிக்கு. ஆனால் கோபமாக வரும் ஒரு தாயிடம் எப்படிப் பேசுவது என்பது வீடியோ பார்த்துக் கைக்கு வருகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

வெளி வகுப்புக்கு உண்மையான பலம் உண்டு. டர்பனில் ட்ரீ போன்ற அமைப்புகள் பல்லாண்டுகளாக முன்பள்ளி ஆசிரியைகளைத் தயார் செய்து வருகின்றன. கிரெச்சுகளின் பொறுப்பு 2022 ஏப்ரல் 1 முதல் சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. பதிவு செய்யப் போனால் ஆசிரியைகளின் தகுதியைப் பார்ப்பார்கள். பதிவு இருந்தால்தான் அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்டாக நெடுங்காலம் நின்றிருந்த அந்த மானியத்தை 2025இல் 24 ராண்டாக உயர்த்தினார்கள். சிறிய கிரெச்சுக்கு இது பெரிய காசு. ஆகவே உங்கள் ஆசிரியைகளிடம் அடிப்படைச் சான்றிதழே இல்லையென்றால் முதலில் அந்த வகுப்புக்கு அனுப்புங்கள். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் பெற்றோர் உறவு பல பகுதிகளில் ஒன்று. அதை மட்டும் மனத்தில் வைத்து ஆளை அனுப்புவது வேறு கணக்கு.

இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 20 பேருக்கு ஒருவர் என்பது விதி. ஒன்றரை வயதுக்குக் கீழ் என்றால் ஆறு பேருக்கு ஒருவர். ஒரு ஆசிரியை வகுப்புக்குப் போகும் நாளில் மாற்று ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. ஆசிரியை வேலையை விட்டுப் போனபின் கிரெச்சில் என்ன மிஞ்சும் என்ற கேள்விதான். இந்தத் துறையில் சம்பளம் குறைவு. சான்றிதழ் கையில் கிடைத்ததும் கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) வகுப்புள்ள பள்ளிக்கோ, நன்றாகச் சம்பளம் தரும் இடத்துக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கற்றதும் அவர்களோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் எந்தத் தாய் இரவு ஷிப்ட், எந்தப் பிள்ளையை வளர்ப்பது பாட்டி என்பதையெல்லாம் முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சியாளர் கிரெச்சுக்கே வந்தால் சமையல் அக்காவிலிருந்து வாசலில் நிற்பவர் வரை எல்லோரும் ஒன்றாகக் கற்கிறார்கள். ஒருவர் போனாலும் பழக்கம் இடத்தில் நிற்கிறது.

எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற முன்பள்ளித் தலைமையாசிரியை. காலையில் வாசலில் நின்று பார்ப்பார், குறுக்கே பேசமாட்டார். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், பார்த்ததை வைத்து ஒத்திகை நடக்கும். ஒருவர் தாயாக நடிப்பார், இன்னொருவர் ஆசிரியை. கடிக்கும் பிள்ளை ஒருவன் இருந்தான். "இன்னைக்கும் கடிச்சுட்டான், வீட்ல சொல்லி வையுங்க" என்பதுதான் அதுவரை எங்கள் வழக்கம். ஒத்திகைக்குப் பிறகு ஆசிரியை அவன் பாட்டியிடம் இப்படிப் பேசினார்: "காலையில பத்து மணி சாப்பாட்டுக்கு முன்னாடிதான் கடிக்கிறாம்மா, அப்புறம் நல்லா விளையாடுறான். வீட்ல என்ன சாப்பிட்டுட்டு வர்றான்?" மருமகளுக்கு விடியற்காலை ஷிப்ட், பையன் வெறும் டீயோடு வேனில் ஏறுகிறான் என்று பாட்டி சொன்னார். மறுநாளிலிருந்து வந்ததும் அவனுக்கு ரொட்டி. கடிப்பது வெகுவாகக் குறைந்தது.

எங்களிடம் பாதிப் பிள்ளைகள் டிரான்ஸ்போர்ட் வேனில் வருகிறவர்கள். பெற்றோர் முகத்தையே பார்க்க முடியாது. வெளி வகுப்பில் இதற்கு வழி கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இவர் எங்கள் வாசலைப் பார்த்தவர் என்பதால், வேன் ஓட்டுநர்களையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டும் போட வைத்தார்: வீட்டில் என்ன மொழி, யார் கூட்டிப் போவார், அழுதால் எதற்கு அடங்கும், பெற்றோரிடம் குரல் செய்தி அனுப்புவதா எழுத்தா. இப்போது பிள்ளைகளில் பலர் ஸூலு மொழி பேசும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு யார் ஸூலுவில் பேசுவது என்பதும் அதில் இருக்கும். பிள்ளையின் தடுப்பூசி, வளர்ச்சியைக் குறித்துவைக்க கிளினிக்கில் கொடுக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தைப் பெற்றோரோடு சேர்ந்து புரட்டுவதும் அவர் சொல்லித்தான் தொடங்கியது. வளர்ச்சியைப் பற்றிப் பேச அதைவிட இயல்பான வாசல் கிடைக்காது, ஏனென்றால் அந்தப் புத்தகம் ஏற்கெனவே தாயின் கையில் இருக்கிறது.

வகுப்பில் கேட்டது வேலையில் இறங்க வேண்டுமானால் கூடவே நின்று வழிகாட்டல் வேண்டும் என்று ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980களிலேயே எழுதினார்கள். அவர்கள் பேசியது பள்ளி ஆசிரியர்களைப் பற்றி. எங்கள் அனுபவமும் அதை ஒட்டித்தான் போகிறது.

ஆனால் எங்களிடம் கைக்குழந்தைகள் மிகக் குறைவு. அவர்களை மட்டும் பார்க்கும் இடத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வருகிறவர் சரியில்லையென்றால் இந்த வழி முழுக்கவே வீண். குறை கண்டுபிடிக்க வந்தவர் என்று ஆசிரியைகள் நினைத்துவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் முதல் இரண்டு வருகைக்கு மட்டும் பேசிக்கொண்டு, பிறகு ஆசிரியைகளைக் கேட்டுத் தொடருங்கள். செலவு தாங்காது என்றால் அக்கம்பக்கத்து கிரெச் ஒன்றோடு சேர்ந்து, காலையில் ஓரிடம், மத்தியானம் மற்றோரிடம் என்று அதே நாளைப் பகிர்ந்துகொள்ளலாம்.