ஜிப்சிக்குச் சொரசொரப்புப் பூச்சு: ஆறு மழைக்காலங்களுக்குப் பிறகு

தாண்டிக்குடியில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. இருபுறமும் உண்ணிச்செடி. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தால் இரண்டே வாரத்தில் பாதையை மூடிவிடும். அந்த முள் கதவில் இழுபடும் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். வண்டி 2009-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி. வாங்கிய பிறகு இரண்டு முறை சாதாரண பெயிண்ட் அடித்தேன். இரண்டுமே அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கீறலில் இறங்கும் தண்ணீர் கதவின் அடிவிளிம்பில் துருக்கொப்புளமாக எழும். விரலால் அழுத்தினால் பெயிண்ட் அப்பளம்போல் நொறுங்கும்.

அதன்பிறகுதான் வேறு பூச்சுகளைத் தேடினேன். பவுடர் கோட்டிங்குக்கு இரும்பை 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் வைக்க வேண்டும். பம்பருக்கும் வீல் ரிம்முக்கும் அது மிகப் பொருத்தம். பாடிக்கு என்றால் கண்ணாடி, ஒயரிங், ரப்பர் என்று ஒன்றுவிடாமல் கழற்ற வேண்டும். ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் நகரத்துப் புது வண்டிக்கு நல்லது. செம்மண் சேற்றில் அதன் ஓரங்கள் எத்தனை நாள் ஒட்டியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் மலையில் பழைய ஜீப்புகள் பல, வருடா வருடம் பிரஷ்ஷால் எனாமல் பூசிக்கொண்டே ஓடுகின்றன. அந்த வழியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு டப்பா எனாமலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

நான் தேர்ந்தெடுத்தது அமெரிக்க பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியைக் காப்பதற்காக வந்த சொரசொரப்பான பூச்சு. அதில் இரண்டு வகை உண்டு; இரண்டுமே இரு திரவங்களைக் கலந்து இறுகவைப்பவை. பாலியூரியாவில் இரண்டு திரவங்களையும் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். ஸ்ப்ரே கன்னின் முனையில் கலந்து சில நொடிகளிலேயே இறுகிவிடும். அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். மற்றது குளிர்ந்த நிலையிலேயே கலக்கும் பாலியூரித்தேன். ராப்டர் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) ஊற்றி, பாட்டிலைக் குலுக்கி, அப்படியே கன்னில் திருகி, பட்டறையில் இருக்கும் சாதாரண கம்ப்ரசரிலேயே அடிக்கலாம். பின்னால் ஓர் இடம் பெயர்ந்தால் நானே சரிசெய்துகொள்ள முடியும் என்பதால் இந்த வகைக்கே போனேன்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜிப்சி வைத்திருப்பவர்கள் பலருக்கு ராணுவப் பச்சை மேல் ஆசை. எனக்கும் இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 121-ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். என் ஆர்.சி.யில் இருப்பது வெள்ளை. அதனால் நிறம் சேர்க்கக்கூடிய வகையை வாங்கி வெள்ளையிலேயே அடித்தேன். 2024-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது நிறத்தைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை.

இனி, 2018-இல் பட்ட அடி. சோதனைக்காகப் பின்தளத்தை மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் வழக்கம்போல் ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு அடிப்பூச்சை அடித்து, அது நன்றாகக் காய்வதற்குள் மேலே இந்தப் பூச்சை ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது மாதம், காப்பிப்பழ மூட்டையை இழுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் முழுக்கச் சிவப்பு. பூச்சு உறுதியாகத்தான் இருந்தது, பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. ரெட் ஆக்சைடு ஒரு பாகப் பூச்சு, அதாவது ஹார்டனர் சேர்க்காமல் தானாகக் காய்வது. மேலே வரும் பூச்சின் கரைப்பான் அதை இளக்கிச் சுருட்டிவிடும். வெறும் இரும்பின் மேல் இரண்டு பாக எபாக்சி பிரைமர்தான் சரி. நல்ல நிலையில் உள்ள பழைய பெயிண்டின் மேல் என்றால் பளபளப்பு முழுதும் போகும்வரை 180-ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மூலை முடுக்கு, கதவுக் கைப்பிடியின் அடி, கீல் ஓரம் எதையும் விடக்கூடாது.

2019 ஜனவரியில், திண்டுக்கல்லில் வேறொரு பெயிண்டர் அண்ணனிடம் முழு வண்டியையும் ஒப்படைத்தேன். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகி, பூச்சில் ஊசித்துளைகள் விழும். துரு வெட்டி எடுப்பதற்கும் தகடு வைத்து வெல்டிங் செய்வதற்கும் தேய்ப்பதற்கும் எட்டு நாள் ஆயிற்று. பூச்சு அடித்தது ஒரே காலையில். பொருளுக்கு ஆனதைப்போல இரண்டு மடங்கு கூலிக்கு ஆனது, அதில் ஒரு ரூபாய்கூட வீணில்லை. அந்த அண்ணன் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்கியபோது நான் நிறுத்தினேன். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட்; மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வடிகட்டி பொருத்திய முகமூடி வாங்கிக் கொடுத்த பிறகே வேலை நடந்தது. இதில் தயவுசெய்து யாரும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

ஆறு மழைக்காலம் கடந்துவிட்டது. பக்கவாட்டில் உண்ணிச்செடி தோற்றுப்போனது என்றே சொல்வேன். முள் உரசிய இடத்தில் சாம்பல் கோடு விழும், கழுவினால் போய்விடும். சக்கர வளைவுகளில் ஜல்லி தெறித்த இடங்களில் ஒன்றுகூட இரும்பு வரை போகவில்லை. பின்தளத்தில் வாழைத்தார், உர மூட்டை, மண்வெட்டி எல்லாம் இழுபட்டும் தேய்மானம்தான் தெரிகிறது, உரிதல் இல்லை. தளத்தின் கடகட சத்தமும் குறைந்திருக்கிறது.

என்னை வருத்தியது வலதுபக்கக் கதவடித் தகடு. வெளியே பார்த்தால் பூச்சு கல்போல் இருந்தது. நான்காவது வருடம் ஜாக்கி வைத்தபோது தகடு உள்வாங்கியது. பூச்சடிக்கும்போது தண்ணீர் வடியும் துளைகளில் இரண்டு அடைபட்டிருந்தன. உள்ளே தேங்கிய நீர் உள்ளிருந்தே அரித்திருக்கிறது. சாதாரண பெயிண்டாக இருந்தால் கொப்புளம் எழுந்து முன்பே காட்டிக்கொடுத்திருக்கும்; இந்தப் பூச்சு தடிமனாக இழுத்துப் பிடித்து மறைத்துவிட்டது. அப்போதிருந்து ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் எல்லாத் துளைகளிலும் கம்பி விட்டுப் பார்க்கிறேன், உட்குழிகளில் மெழுகுக் கலவை அடிக்கிறேன். அந்தத் தகட்டை மாற்றி, மீதமிருந்த பாட்டிலிலிருந்து நானே ரோலரால் பூசினேன். சொரசொரப்பின் புள்ளிகள் கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கின்றன, ஆனால் பிடிப்பு அருமை.

பானெட்டிலும் மேல்சட்டத்திலும் இதை அடித்தது தேவையில்லாத வேலை. அங்கே முள்ளும் படுவதில்லை, கல்லும் படுவதில்லை, வெயில்தான் படுகிறது. சொரசொரப்பின் பள்ளங்களில் செம்மண் தங்கி, வெள்ளை இப்போது பழுப்பேறிக் கிடக்கிறது. துணியால் துடைத்தால் துணி கிழிகிறது. நார் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும்தான் வழி. புதிதாகச் செய்பவர்கள் ஜன்னல் கோட்டுக்குக் கீழேயும் தளத்திலும் சக்கர வளைவிலும் மட்டும் இதை அடித்து, மேலே நல்ல இரண்டு பாக பெயிண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வரும் தை மாதம் என் பானெட்டைச் சுரண்டித் தேய்த்து அப்படித்தான் மாற்றப்போகிறேன். அதே அண்ணனிடம் சொல்லிவைத்துவிட்டேன். சுரண்டவே மூன்று நாள் ஆகும் என்கிறார்.