கார்டில் இருந்த நம்பர் யாருடையது?

மூன்று வாரம் திருச்சியில் இருந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைதான் சிங்கப்பூர் திரும்பினேன். அக்கா மகளுக்குக் காதுகுத்து, அம்மாவுக்குக் கண் பரிசோதனை, வங்கியில் கையெழுத்து மாற்றும் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு விசிட்டிங் கார்டுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அம்மாவுக்குக் கீழ்த்தளத்திலேயே எல்லாம் இருக்கிற மாதிரி ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும், அதற்கு ஒரு மனை வேண்டும். இதுதான் திட்டம். தாய்மாமா இரண்டு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், "ஒரு பையன் இருக்கான் மாப்ளே, நமக்குத் தெரிஞ்ச பையன்தான், நீ வந்து இறங்கு, மிச்சத்தை அவன் பாத்துக்குவான்" என்று.

அப்பா காலத்தில் மனை வாங்கினது எப்படி என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு ஒரு தரகர் இருந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஜெராக்ஸ் கட்டு, டிவிஎஸ் 50. திண்ணையில் உட்கார்ந்து முதலில் காபி, அப்புறம் ஊர்க்கதை, அதற்கப்புறம்தான் மனைப்பேச்சு. யார் யாருக்கு எப்போது எழுதிக்கொடுத்தார்கள், எந்தப் பங்காளி கையெழுத்துப் போடாமல் நிற்கிறார், எந்த வரப்பில் தகராறு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை அப்பா கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுக்கப் போன இடத்தை அவரே தடுத்தார். "வேணாங்க, அந்த சர்வே நம்பர் கோயில் சொத்துல வரும்னு ஒரு பேச்சு இருக்கு" என்றார். இரண்டு பக்கமும் வரவேண்டிய இரண்டு பர்சென்ட் கமிஷன் அன்றைக்கு அவருக்குப் போனது. அவரிடம் யாரும் எந்தப் பதிவு எண்ணும் கேட்டதில்லை. அவர் வீடு எங்களுக்குத் தெரியும், அவர் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது.

மாமா சொன்ன பையன் வெள்ளைக் காரில் வந்தான். நல்ல பேச்சு, நல்ல மரியாதை. அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட்டான், ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டி, மனை மனையாகப் பிரித்துப் போட்ட ஒரு லேஅவுட். வாசலில் வளைவு, கலர் கொடிகள், தார் ரோடு, மூலைக்கு மூலை கல். 1,200 சதுர அடி, அடி 1,500 ரூபாய், ஆக 18 லட்சம். கிழக்குப் பார்த்த மனை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பிடித்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை.

அங்கேயே தகரக் கொட்டகையில் உட்காரவைத்து இளநீர் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, இன்னிக்கே மூணு லட்சம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா இந்த மனையைப் பிளாக் பண்ணிருவேன். சாயங்காலம் துபாய் பார்ட்டி ஒண்ணு வருது." பணத்தைத் தன் மொபைல் நம்பருக்கே ஜிபே பண்ணலாம், லிமிட் இருந்தால் நாலு தடவையாகப் போடலாம் என்றான்.

சிங்கப்பூரில் செங்காங்கில் நாங்கள் வீடு வாங்கியபோது ஏஜென்ட் அம்மா முதல் சந்திப்பிலேயே தன் அட்டையைக் காட்டினார். ஆர் எழுத்தில் தொடங்கும் எண் அதில் இருந்தது. அங்கே எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கென்றே 2010இல் ஒரு கவுன்சில் வைத்தார்கள். அதன் பொதுப் பதிவேட்டில் ஏஜென்ட்டின் போன் நம்பரை அடித்தாலே படத்தோடு விவரம் வரும். வீடு விற்பனையில் கைமாறும் பணத்தை ஏஜென்ட் தொடவே கூடாது. ஒரே விற்பனையில் வாங்குபவர், விற்பவர் இரண்டு பேருக்கும் ஒருவரே ஏஜென்ட்டாக இருக்கவும் கூடாது. பதினாறு வருடம் அங்கே இருந்து பழகியதால், எண்ணைக் கேட்பது எனக்குப் பேருந்தில் டிக்கெட் வாங்குவது மாதிரிதான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அதே மாதிரி அந்தக் கொட்டகையிலும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்ள பதிவு எண்ணை, அதாவது ரெரா நம்பரைக் கேட்டேன். "தம்பி, உங்க ரெரா நம்பர் என்ன?"

அவன் தயங்கவேயில்லை. "கார்டுலயே இருக்குண்ணே" என்றான். இருந்தது. பளபளப்பான கார்டு, அவன் பேர், படம், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ரெரா எண். மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், 'பாத்தியா' என்கிற மாதிரி.

நான் அந்த எண்ணை ஒருமுறை மெதுவாகப் படித்தேன். நடுவில் லேஅவுட் என்று இருந்தது. அது அவனுடைய எண் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் எண்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பல பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்து, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு தனித்தனிப் பதிவுகள். ஒன்று திட்டத்துக்கு. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ, அந்தத் திட்டத்தைப் போட்டு விற்கும் புரமோட்டர் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. இன்னொன்று முகவருக்கு. அப்படிப் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கிறவர் தன் பேரில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், தான் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் முகவரின் எண்ணில் ஏஜென்ட் என்ற சொல்லே இருக்கும். லேஅவுட்டின் எண்ணைக் கார்டில் போட்டுக்கொள்வது, பள்ளிக்கூடத்தின் அங்கீகார எண்ணை வாத்தியார் தன் பட்டம் என்று காட்டுவது மாதிரி.

"தம்பி, இது லேஅவுட் நம்பர். உங்க ஏஜென்ட் நம்பரைச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்குப் பிறகு கொட்டகையில் காற்றே நின்றுவிட்ட மாதிரி ஆனது. அவன் சிரிப்பு மாறவில்லை, ஆனால் பதில் மாறிக்கொண்டே வந்தது. முதலில் "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றான். அப்புறம் "சர்டிபிகேட் ஆபீஸ்ல இருக்கு" என்றான். நான் காத்திருக்கிறேன் என்றதும் யாருக்கோ போன் பண்ணி வாட்ஸாப்பில் ஒரு படம் வரவழைத்தான். முகவர் சான்றிதழ்தான். ஆனால் வேறொருவர் பேர். பதிவான வருடம் 2018. முகவர் பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அதுவும் முடிந்துபோன சான்றிதழ். "அது யாரு தம்பி?" என்றேன். "எங்க சார்தாண்ணே, முன்னாடி அவருகிட்டதான் இருந்தேன்."

அங்கேயே போனில் ரெரா ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலில் அவன் பேரைத் தேடினேன். இல்லை. பேரை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன், இன்ஷியலை முன்னால் போட்டும் பின்னால் போட்டும் பார்த்தேன். இல்லை. முகவர்களின் பேரையும் படத்தையும், பதிவு மறுக்கப்பட்டவர்கள், ரத்து செய்யப்பட்டவர்கள் உட்பட, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஐந்து நிமிட வேலை. நம் ஊரிலும் இது இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டதே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "என்ன மாப்ளே, நம்ம பிள்ளைய வச்சுக்கிட்டு போலீஸ்காரன் மாதிரி நோண்டிக்கிட்டிருக்க? இவன் அப்பாவை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்." அம்மா என் முழங்கையைத் தொட்டு, "போதும்ப்பா, வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார். என் வருத்தமெல்லாம் இங்கேதான். பதிவு எண்ணைக் கேட்டது நான் அந்தப் பையனைத் திருடன் என்று சொன்னதாக ஆகிவிட்டது. கேட்டவன்தான் குற்றவாளி மாதிரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கடையில் காலாவதித் தேதி பார்க்கிறோம், கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. 18 லட்சம் போடுகிற இடத்தில் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

மூன்று லட்சத்தை நான் போடவில்லை. அதற்கு முகவர் எண் மட்டும் காரணமில்லை. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் புரமோட்டரே மொத்த விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 18 லட்சத்துக்கு அது 1,80,000 ரூபாய்தான். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 விழுக்காடு அந்தத் திட்டத்துக்கென்று உள்ள தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதை நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். ஒரு பையனின் ஜிபேயில் போய் விழுகிற பணம் அந்தக் கணக்குக்கு எப்படிப் போகும்? அதையும் மெதுவாகத்தான் கேட்டேன். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. இறக்கிவிடும்போது மட்டும் அவன், "பண்ணை நிலம் ஒண்ணு இருக்குண்ணே, அதுக்கு ரெராவே வேணாம்" என்றான். வெளிநாட்டில் வாழும் நாம் விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்கக் கூடாது என்று அன்னியச் செலாவணி விதி இருக்கிறது. அதை அவனிடம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் என்னோடு ஒரே தளத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 2014இல் போனிலேயே பேசி முடித்து ஊரில் மனை வாங்கினார். அங்கீகாரம் இல்லாத மனை. 2016இல் உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தபோது விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார். 2017இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் கட்டணம் கட்டி, மூன்று முறை லீவு போட்டு வந்து சரி பண்ணினார். அவருக்கு விற்றுக் கொடுத்தவரும் 'தெரிஞ்ச பையன்'தான். அவருடைய போன் அதற்கப்புறம் எடுக்கப்படவேயில்லை.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் அக்கா ஒருவரைச் சொன்னார். தில்லைநகர்ப் பக்கம் மாடியில் சின்ன அலுவலகம், ஒரு மேசை, மூன்று நாற்காலி. நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த முகவர் பதிவுச் சான்றிதழ். அவர் பேர், அவர் படம், முடிகிற தேதி. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "நம்பரைப் போட்டோ எடுத்துக்கங்க தம்பி, வீட்ல போய்ச் சரி பாத்துட்டு அப்புறம் வாங்க" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அன்றைக்குக் கொட்டகையில் நான் பட்ட அவமானத்துக்கு யாரோ வந்து மருந்து போட்ட மாதிரி இருந்தது.

அவர் சொல்லித்தான் ஒன்று தெளிவானது. தனியார் ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும்போது இடையில் நிற்கிற தரகருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. பதிவான திட்டத்தில் விற்றுக் கொடுக்கிற முகவருக்குத்தான் கட்டாயம், பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் போகும். "பழைய வீடு பாக்குறீங்கன்னா என் சர்டிபிகேட்டை நம்பாதீங்க, வில்லங்கமும் மூலப்பத்திரமும் பட்டாவும் பாருங்க. மனைன்னா இதையும் பாருங்க, அதையும் பாருங்க" என்றார். டோக்கன் பேச்சு வந்தபோது, "என் கையில ஒரு ரூபா வேணாம், புரமோட்டர் கணக்குக்கு நேரா போடுங்க, ரசீது வாங்குங்க" என்றார். செங்காங்கில் கேட்ட அதே வார்த்தை. மஞ்சள் பைக்காரரும் நினைவுக்கு வந்தார்.

இரவே எண்ணைச் சரிபார்த்தேன். பேர், படம், தேதி எல்லாம் பொருந்தின. அவர் காட்டிய இரண்டு மனைகளில் ஒன்றின் எண்ணையும் தேடி, சர்வே எண்களை வில்லங்கச் சான்றோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெற்குப் பார்த்த மனை, அம்மாவுக்கு அதில் கொஞ்சம் குறைதான். முடிவு இன்னும் எடுக்கவில்லை. மூலப்பத்திரத்தை வக்கீல் படித்துச் சொன்ன பிறகு, பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

மாமா விமான நிலையத்துக்கு வரவில்லை. வழக்கமாக முறுக்கு டப்பாவோடு முதல் ஆளாக நிற்பவர். இங்கே வந்ததிலிருந்து நான் இரண்டு முறை கூப்பிட்டேன், அத்தைதான் எடுத்தார். தினமும் காலையில் வாட்ஸாப்பில் அவரிடமிருந்து வணக்கம் சொல்லும் படம் மட்டும் வருகிறது. நானும் உடனே பதில் போட்டுவிடுகிறேன்.