கிளைம் போன காருக்கு இன்சூரன்ஸ் போட்ட அனுபவம்: தர்மபுரி பென்னாகரம் ரோடு ஆபீஸ்

ஒரே வருஷத்தில் இரண்டு கிளைம் போன காரை வைத்துக்கொண்டு ரினியூவலுக்கு விலை கேட்டுப் பாருங்கள், போன வருஷம் "சார், சார்" என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இந்த வருஷம் "பார்த்துட்டு சொல்றேன்" என்பார்கள். எங்கள் ஸ்விஃப்ட்டுக்கு அதுதான் நடந்தது. தம்பி ஓட்டிக்கொண்டு போனபோது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி ஒன்று பின்னால் வந்து ஏறி டிக்கி உள்ளே போய்விட்டது. (டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறார்கள், பிரேக் பிடிக்காமல் போனால் முன்னால் இருப்பவன் கதி அவ்வளவுதான்.) அது சரியாகி வந்த சில மாதத்திலேயே பாலக்கோடு ரோட்டில் ஒரு டிராக்டர் டிரெய்லர் ரிவர்ஸ் வந்து முன்பக்கத்தை நசுக்கியது. இரண்டிலும் தப்பு எங்கள் பக்கம் இல்லை. ஆனால் கம்பெனி கணக்கில் இது ரிஸ்க் வண்டி.

பழைய கம்பெனியிலிருந்து போனில் பேசியவர் "கிளைம் வண்டி சார், தேர்ட் பார்ட்டியே ஏறிடுச்சு" என்றார். (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான கட்டாயப் பகுதிதான் தேர்ட் பார்ட்டி.) அங்கேதான் சந்தேகம் வந்தது. கொலீக் ஒருவர் சொல்லி, பென்னாகரம் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஆபீஸுக்குப் போனேன். ஒரு புரோக்கர் கம்பெனிக்குக் கீழே இயங்குவதால் பல கம்பெனி பாலிசியும் போட்டுத் தருகிறார்கள். ஒரே கம்பெனி ஏஜென்ட்டிடம் போனால் அவர் வேண்டாம் என்றால் கதை முடிந்தது, இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

உட்கார்ந்ததும் ஆபீஸில் இருந்த அண்ணன் கம்ப்யூட்டர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குப் பிடித்ததே அதுதான். தேர்ட் பார்ட்டி ரேட் எந்தக் கம்பெனியும் இஷ்டத்துக்கு வைப்பதில்லை, அரசாங்கம் நிர்ணயித்தது, 2022 ஜூன் முதல் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, கூட 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்கள் வண்டி 1,197 சிசி, அதனால் 3,416 தான், நூறு கிளைம் போயிருந்தாலும் அதே 3,416 தான். ஏறுவது ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பக்கம் மட்டும். போனில் பேசியவர் சொன்னது சுத்தப் பொய் என்று அப்போது தெரிந்தது.

ஓன் டேமேஜில் எங்களுக்கு மூன்று வருஷம் கிளைம் இல்லாததற்கு 35 சதவீதம் என்சிபி (நோ கிளைம் போனஸ் தள்ளுபடி) இருந்தது. அது பூஜ்யமாகிவிட்டது. "லாரிக்காரன் இடிச்சதுக்கு எங்க போனஸ் ஏங்க போகணும்" என்று கேட்டேன். "யார் இடிச்சாலும் உங்க பாலிசியில பணம் எடுத்தீங்கல்ல சார், போயிடும்" என்றார். லாரியின் இன்சூரன்ஸில் வாங்க வேண்டும் என்றால் விபத்து தீர்ப்பாயத்தில் கேஸ் போட வேண்டும், பம்பருக்காக யார் கோர்ட் படி ஏறுவது. ஆக போன வருஷம் 5,200 கட்டிய ஓன் டேமேஜுக்கு ஒரு கம்பெனி 11,400 கேட்டது, இன்னொன்று தேர்ட் பார்ட்டி மட்டும்தான் தருவேன் என்றது. கடைசியில் 9,100-க்கு ஒன்று கிடைத்தது. ஜீரோ டெப் (கிளைமில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத வசதி) தர மறுத்துவிட்டார்கள், அது ஒரு குறைதான். ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 15,000 சொச்சம் வந்தது. வாலன்டரி டிடக்டிபிள் (கிளைமில் கூடுதலாக ஒரு தொகையை நாமே ஏற்பது) வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும் என்றார், தொப்பூர் வழியாக அடிக்கடி சேலம் போகிற வண்டிக்கு அந்த ஆசை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் போட்டுக் காட்டிய இன்னொரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பம்பர் மாற்ற 5,000 ரூபாய் பில் என்று வையுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், 2,500 போச்சு. 1500 சிசி வரைக்கும் கட்டாயமாக நாம் போட வேண்டியது 1,000. கையில் வருவது 1,500. அதற்காக 35 சதவீதமாக வந்த 2,800 ரூபாய் போனஸை விட்டு, மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சின்ன அடிக்கு டிங்கரிங் கடைக்கே போய்விடுங்கள் என்று பாலிசி விற்கிறவரே சொல்வது எனக்குப் புதுசு. ஷோரூமில் கேட்டால் எல்லாவற்றுக்கும் கிளைம் போடத்தான் சொல்வார்கள்.

என் பக்கத்தில் அரூரிலிருந்து வந்த ஒருவர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு பாலிசி காலாவதியாகி இருந்தது. அவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள், 90 நாள் தாண்டினால் இருக்கிற என்சிபியும் போய்விடும், பழைய ஓனரின் என்சிபி எப்படியும் உங்களுக்கு வராது என்று. ஆபீஸ் பையன் கீழே இறங்கி அவர் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தான், ஈரத்துணியால் சேஸிஸ் நம்பரைத் துடைத்து அதையும் பக்கத்தில் வைத்து எடுத்தான், இடது கதவில் இருந்த கீறலைத் தனியாக எடுத்தான். அந்தக் கீறலுக்கு இனி கிளைம் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 அபராதம், ஜெயிலும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு முழுக்க நம் தலையில், அதற்கு முன் இந்த அபராதம் எல்லாம் ஒன்றுமே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் சொல்வான், அங்கே குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் பல மாநிலங்களில் எஸ்ஆர்-22 என்று ஒரு சான்றை இன்சூரன்ஸ் கம்பெனியே அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும், பிரீமியமும் எகிறும் என்று. இங்கே ஆளைப் பார்ப்பதைவிட வண்டியின் கிளைம் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். டிராஃபிக் மீறலுக்குத் தனி பிரீமியம் வைக்கலாம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் குழு ஒன்று 2021-இல் பரிந்துரைத்தது, என் பில்லில் அப்படி ஒரு வரி இல்லை. குடித்துவிட்டு ஓட்டி அடிபட்டால் நம் வண்டிக்குப் பைசா வராது என்பது மட்டும் இங்கேயும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. போன் எடுக்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலம் பதில் வரும். பாலிசியில் என் சேஸிஸ் நம்பரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டார்கள். திருத்திக் கொடுத்தார்கள், ஆனால் நான் திரும்பத் திரும்ப நச்சரித்த பிறகுதான். வாங்கியதும் பிடிஎஃப்பை ஆர்.சி.யோடு அங்கேயே உட்கார்ந்து ஒப்பிட்டுவிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ரோடு சைடு அசிஸ்டன்ஸை (வழியில் வண்டி நின்றுபோனால் கிடைக்கும் உதவி) தலையில் கட்டப் பார்ப்பார்கள், கார் கம்பெனியே அதைத் தருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பாலிசி, ஆர்.சி., கிளைம் பேப்பர் மூன்றையும் எடுத்துப் போங்கள், என்சிபி விஷயத்தில் வாயால் சொல்வதை அவர்கள் நம்புவதில்லை. ஞாயிறு லீவு, கீழே கார் நிறுத்த இடம் கிடையாது.